ஸ்பிரிங் தராசில் இரண்டு கீறல்

கோபர்கைரனேயில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு ஸ்பிரிங் தராசு தொங்குகிறது. பழைய பேப்பர் எடுக்கிறவர்கள் கையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மேலே பிடித்துக்கொள்ள ஒரு வளையம், கீழே ஒரு கொக்கி, நடுவில் மங்கிப்போன பித்தளைத் தகட்டில் எண்கள். இதை வைத்து நான் எதையும் நிறுப்பதில்லை. நிறுத்தாலும் சரியாகக் காட்டாது. ஸ்பிரிங் தளர்ந்து பல வருஷமாகிறது. மாதுங்காவிலிருந்து செம்பூருக்கும் செம்பூரிலிருந்து இங்கேயுமாக வீடு மாறியபோதெல்லாம் என் மகள் இதைக் கழித்துக்கட்டப் பார்த்தாள், நான் விடவில்லை. உற்றுப் பார்த்தால் அந்தத் தகட்டில் கூரான முனையால் கீறிய இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று நாலு கிலோவில், மற்றது ஒன்பது கிலோவில். இரண்டையும் கீறியவர் ஒருவரே. தாராவியில் எல்லோரும் அவரை பாய் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கிற ஐந்து கிலோவில் என் வேலை போகப் பார்த்தது, அவருடைய பட்டறையும் போகப் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில் நான் செம்பூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் பழைய மெஷின்களுக்கு மோட்டாரும் கம்ப்யூட்டரும் பொருத்தித் தருவது கம்பெனியின் தொழில். எந்த மெஷினுக்கு எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் மேஜையின் வேலை. சர்வோ மோட்டார் என்பது மின்விசிறி மோட்டார் போல சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை. இத்தனை மில்லிமீட்டர் போ, அங்கே நில் என்றால் போய் நிற்க வேண்டும், எதிரே இரும்பு தள்ளினாலும் அசையக் கூடாது. சின்னதாக எடுத்துவிட்டால் இழுக்க முடியாமல் பாதியில் நின்றுவிடும். தேவைக்கு மேல் பெரிதாக எடுத்தால் மெஷினில் வைக்க இடம் இருக்காது, அதை ஓட்டும் மின்பெட்டியும் பெரிதாகிக்கொண்டே போகும். நடுவில் ஒரு சரியான அளவு உண்டு. அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அந்த வயதில் கொஞ்சம் கர்வமே இருந்தது. அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இல்லாத ஒரே பெண் நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. புடவையில் கிரீஸ் கறையோடு மாதுங்கா மார்க்கெட் வழியாக நடந்து வருகிறேன், நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் அவள் கவலை.

பாய் ஒரு மத்தியானம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கட்டையான உடம்பு, வெள்ளைச் சட்டை, காதுக்கு மேல் பென்சில் செருகும் இடத்தில் ஒரு இரும்பு ஊசி. உலோகத்தில் கோடு கீறுகிற ஊசி அது, ஸ்க்ரைபர் என்பார்கள். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். தாராவியில் தோல் பைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் பக்கிள் வார்க்கிற அச்சுகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றால் ஒரு தகர ஷெட், அதில் மேசைமேல் இரும்பை வைத்துச் செதுக்கி வெட்டுகிற ஒரே ஒரு மில்லிங் மெஷின். மூடிக்கிடந்த ஒரு ஆலையின் ஏலத்தில் எடுத்தது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: “எம்மா, இந்த மெஷினு கையால ஓடுது. இனிமே அதுவா ஓடணும். அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிருவோம்.” மேனேஜரைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். மோட்டார் கணக்கு யார் போடுவது என்று வாசலில் விசாரித்தாராம், என்னைத்தான் காட்டினார்களாம், அது போதுமே என்றார். நான் பெண் என்பதைப் பார்த்து ஒரு கணம் கூடத் தயங்காமல் உட்கார்ந்த முதல் வாடிக்கையாளர் அவர். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

போகப் போக மற்ற விஷயங்களும் தெரியவந்தன. ஷெட் அவர் பெயரிலும் தம்பியின் பெயரிலும் சேர்ந்து இருந்தது. தம்பிக்குத் தோல் வியாபாரம். பட்டறையை மூடிவிட்டு ஷெட்டைத் தோல் அடுக்கும் குடோனாக்கிவிடலாம் என்று அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, அண்ணன் ஏன் இந்த இரும்போடு மாரடிக்கிறார் என்று புரியாதவர், அவ்வளவுதான். கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பொருத்தி மெஷின் ஓடிவிட்டால் பட்டறை பட்டறையாகவே இருக்கும். ஓடாவிட்டால் பாய் மறுபேச்சு பேசாமல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடுவார். மோட்டார்களோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. உரிமம், கடிதப் போக்குவரத்து, சுங்கம் எல்லாம் சேர்த்து ஐந்து ஆறு மாதம் ஆகும். அளவு தப்பினால் திருப்பி அனுப்பி வேறு வாங்குவது நடக்காத காரியம். ஆக, நான் எழுதிக்கொடுக்கப் போகும் ஒரு எண்ணில் அவருடைய பட்டறை இருந்தது.

அளவெடுக்க ஒரு காலையில் போனேன். செம்பூரிலிருந்து பஸ்ஸில் சயான், அங்கிருந்து நடை. மெஷினைப் பார்த்ததும் எனக்குப் பாயின் மேல் மதிப்பு கூடியது. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். அளக்கும் முறை எளிது. மெஷினின் மேசையை நகர்த்துகிற கைப்பிடிச் சக்கரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, அதன் நுனியை ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். மேசை நகர ஆரம்பிக்கும்போது முள் காட்டும் எடையைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால், மோட்டார் குறைந்தபட்சம் எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தெரியும். இரும்பை வெட்டும் விசை, சட்டென்று கிளம்பி சட்டென்று நிற்க வேண்டிய விசை எல்லாம் அதற்கு மேல் சேரும். அஸ்திவாரம் அந்த முதல் எண்தான். எங்கள் அலுவலகத் தராசை வேறொருவர் புனேவுக்குக் கொண்டுபோயிருந்தார். பாய் பக்கத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து இதை வாங்கிவந்தார். முன்னாலும் பின்னாலும் போகிற திசையில் ஒரு தரம், இடமும் வலமும் போகிற திசையில் ஒரு தரம். இரண்டிலும் ஏறக்குறைய நாலு கிலோ. மூன்று முறை இழுத்தேன், மூன்று முறையும் அதேதான். அந்த வயசான மெஷினுக்கு அது ஆச்சரியமான எண். “எவ்வளவு நன்னா வெச்சிருக்கேள், பாருங்கோ” என்று சொல்லிவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. காதிலிருந்து ஊசியை எடுத்து, தராசின் தகட்டில் நாலுக்குப் பக்கத்தில் கோடு கீறினார். அவருக்கு அது வழக்கம். எந்த அளவு எடுத்தாலும் எடுத்த கருவியிலேயே கீறிவைத்துவிடுவார். கதவு நிலையில், மேசை விளிம்பில், ஸ்கேலில், எங்கே பார்த்தாலும் கீறல். “வாயால சொல்லுதது காத்தோட போயிரும். கீறி வச்சா கெடக்கும்லா” என்பார்.

அன்றைக்கு நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை மூன்று. கைப்பிடியைச் சுற்றிக் காட்டச் சொன்னபோது பாய் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு இடது கையால் சுற்றினார். இடதுகைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். டீ வந்தது. கிளாஸை வலது கையில்தான் எடுத்தார். ஆனால் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல், குனிந்து வாயைக் கைக்குக் கொண்டுவந்து குடித்தார். சூடு போலும் என்று நினைத்துக்கொண்டேன். அலமாரியில் இருந்த புது அச்சுகளில் வெட்டிய முகம் வழவழப்பாக இல்லை, மெல்லிய அலை அலையாக வரி ஓடியிருந்தது. அதைக் கேட்கவும் கேட்டேன். மெஷின் கிழடு, அப்படித்தான் வெட்டும் என்றார். கிழட்டு மெஷின் எப்படி நாலு கிலோவில் நகர்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நல்ல எண் கிடைத்துவிட்டது, கைக்கு அடக்கமான மோட்டார் போதும், மேனேஜர் மெச்சிக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தில் சயான் வரை வேகமாக நடந்தேன். மறுநாளே கணக்குப் போட்டு, ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்து, அளவு எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மோட்டார் வருகிற வரை பாய் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தார். வரவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்பார், எனக்குத் தெரியாது என்பேன், சரி என்று உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பற்றிக் கேள்வி கேட்பார். கேள்விகள் எல்லாம் அருமையானவை. மேசை போய் நின்ற இடம் சரியா தப்பா என்று அதற்கு யார் சொல்வது? மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தான் எங்கே நின்றோம் என்று அதற்கு ஞாபகம் இருக்குமா? என் பேச்சை வைத்துக் கேலியும் செய்வார். நான் “உட்காருங்கோ” என்றால் அந்தக் ‘கோ’வை இழுத்துத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அவர் வீட்டு நெய்ச்சோற்றையும் கறியையும் பற்றி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டு, நான் சாப்பிடமாட்டேன் என்று நினைவு வந்து சங்கடப்பட்டு, அடுத்த முறை சயானில் ஒரு கடையிலிருந்து ஜிலேபி வாங்கி வந்தார். பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு “நெய்தான், பயப்படாதீங்க” என்றார். அலுவலகம் முழுவதும் தின்றோம்.

மோட்டார்கள் வந்தன. கம்பெனியின் ஃபிட்டர் தாராவிக்குப் போய் நாலு நாளில் கைப்பிடிகளைக் கழற்றி மோட்டார்களை மாட்டினார். ஐந்தாவது நாள் ஓட்டிப் பார்த்தார்கள். மேசை ஒரு சாண் நகரும், மோட்டார் உறுமும், மின்பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், எல்லாம் நின்றுபோகும். இழுக்க முடியவில்லை என்று அர்த்தம். மேசையின் எடையைக் கொண்டு நான் கணக்கிட்டிருந்த மேல்கீழ் திசை மட்டும் ஒழுங்காக ஓடியது. கைப்பிடியில் அளந்த மற்ற இரண்டும் படுத்துவிட்டன. அதுவும் சும்மா நகர்த்தும்போதே இப்படி. இரும்பை வெட்டவே ஆரம்பிக்கவில்லை. ஃபிட்டர் போன் செய்ததும் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மேனேஜர் என் தாள்களை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். கணக்கில் தப்பு இல்லை, அப்படியானால் அளந்ததில்தான் தப்பு என்றார். அளக்கத் தெரியாதவரை அனுப்பியது தன் தப்பு என்றும் சொன்னார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அலுத்துக்கொண்டு சொன்னார். இனி நான் வெளியே அளவெடுக்கப் போகவேண்டாம், உள்ளே வரைபடப் பிரிவில் உட்காரலாம் என்பது வரை பேச்சு வந்துவிட்டது. மறுநாள் காலை இருவரும் தாராவிக்குப் போனோம்.

ஷெட்டில் பாயின் தம்பியும் இருந்தார். ஃபிட்டர் ஒரு பக்கத்து மோட்டாரைக் கழற்றிக் கைப்பிடியைத் திரும்ப மாட்டி வைத்திருந்தார். பாய் அதே தராசை என்னிடம் நீட்டினார். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். நாலைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, ஒன்பதில்தான் மேசை நகர்ந்தது. மறுபடி இழுத்தேன், ஒன்பது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் முடிவு தெரிந்தது. அப்போது ஃபிட்டர்தான் சொன்னார், ஜிப் ரொம்பத் தளர்ந்து கிடந்தது, மோட்டார் மாட்டும்போது எல்லாவற்றையும் நான்தான் சரியாக இறுக்கினேன் என்று. ஜிப் என்பது மேசைக்கும் அது வழுக்கிப் போகும் பாதைக்கும் நடுவில் ஆப்பு போல இருக்கிற ஒரு இரும்புப் பட்டை. அதன் திருகை இறுக்கினால் மேசை ஆடாமல் நகரும், நகர்த்துவது கடினமாக இருக்கும். தளர்த்தினால் இலகுவாக நகரும், ஆனால் வெட்டும்போது மேசை நடுங்கும், வெட்டிய முகத்தில் அலை அலையாக வரி விழும். அந்த வரிகளை நான் பார்த்திருந்தேன். ஜிப்பை யார் தளர்த்தியது என்று மேனேஜர் கேட்டார். மெஷின் தளர்ந்து கிடந்ததைக்கூடப் பார்க்காமல் அளந்திருக்கிறாள் என்று அவர் என்னைக் காட்டிச் சொன்னார். உண்மைதானே. தம்பி அண்ணனிடம் தணிந்த குரலில், நான் அப்பவே சொன்னேன், போதும் விட்டுருவோம் என்றார்.

பாய் மெஷின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்:

“சார், அந்தம்மா அளந்தது பரோபர், சரிதான். அன்னைக்கு நாலுதான் இருந்துச்சு. நாந்தான் லூசு பண்ணி வச்சிருந்தேன்.”

எதற்கு என்று மேனேஜர் கேட்டார். பாய் தம்பியை ஒரு தடவை பார்த்தார்.

“எந் தோளு போயிட்டு சார். ஒன்றரை வருசமாச்சு. டைட்டா இருந்தா என்னால சுத்த முடியலெ.”

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். அந்தத் தராசைத் தூக்கி அவர்மேல் எறியலாம் போல இருந்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு திருகை இறுக்கிவிட்டு அளந்திருப்பேனே. ஐந்து மாதம் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாரே, அதில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. கோபத்தோடு அவரைப் பார்த்தபோது, அவர் முகத்தில் எல்லோரும் பார்க்க அவிழ்த்துவைக்கப்பட்ட ஒரு மனிதனின் கூச்சம் தெரிந்தது. அப்போதுதான் இடது கை புரிந்தது, டீ கிளாஸ் புரிந்தது. இடது கையால் மெஷினைச் சுற்றுவார், ஆனால் வாயில் வைப்பதை அந்தக் கையால் தொடமாட்டார். அதனால்தான் குனிந்தார். நான் அன்றைக்கு அளந்தது மெஷினை இல்லை, பாயின் தோளில் மிச்சமிருந்த பலத்தை. ஒன்றரை வருஷமாக அவர் தோள் தாங்குகிற அளவுக்கு அந்த மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்திருந்தார். வெட்டு கெட்டது, வரி விழுந்தது, அதைப் பழியாகக் கிழட்டு மெஷின்மேல் போட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு வேண்டியிருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஜிப்பைப் பார்க்காதது என் தப்பு என்று நானும் சொன்னேன். பாய் சொன்ன பிறகு அதைச் சொல்வதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி மூலையில் இருந்த நாற்காலியை எடுத்துவந்து அண்ணன் பக்கத்தில் போட்டார். “அண்ணே, சொல்லியிருக்கலாம்லா” என்றார், அவ்வளவுதான். பாய் நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. “இதுக்குத்தாம்ல சொல்லலெ. தோளு போச்சுன்னா நாக்காலி போடுவீங்க. உக்காந்துட்டா எந்திரிக்க விடமாட்டீங்க” என்றார். தம்பி நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி மூலையில் வைத்தார். என் கண் கலங்கியது அந்த இடத்தில்தான்.

வழி இருந்தது. கஷ்டத்தில் மூளை வேலை செய்கிற ஜாதி நான். பயம் போனதும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. மோட்டாரை மேசையை நகர்த்துகிற திருகுத்தண்டில் நேராக மாட்டாமல், மோட்டாரில் ஒரு சின்னப் பல்சக்கரம், தண்டில் அதைப்போல இரண்டு மடங்கு பெரிய பல்சக்கரம், நடுவில் பல் வைத்த ரப்பர் பெல்ட். மோட்டார் இரண்டு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். வேகம் பாதியாகும், இழுவை இரட்டிப்பாகும். பழைய கடிதத்தின் முதுகில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது கிலோவையும் வெட்டு விசையையும் சேர்த்து, பெல்ட்டில் போவது போக, மோட்டார் தாங்கும். இழுத்துப் பிடித்தாற்போல், ஆனால் தாங்கும். வேகம் குறைந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் என்று மேனேஜர் தயங்கினார். பாய் குறுக்கே வந்தார். தனக்கு ஓட்டம் எதற்கு, மெஷின் என்ன ரயிலா, இழுத்தால் போதும் என்றார். பெல்ட் லோஹார் சால் கடைத்தெருவில் கிடைத்தது. நாங்கள் கேட்ட அளவுக்குப் பல்சக்கரங்கள் எங்கேயும் கிடைக்கவில்லை. அதையும் இங்கேயே வெட்டிவிடலாம் என்றார் பாய். எந்த மெஷினில் என்று கேட்டேன். இதில்தான், வேறு எதில் என்றார்.

அப்படித்தான் செய்தார்கள். மோட்டார்களைக் கழற்றிவிட்டுக் கைப்பிடிகளை மாட்டினார்கள். ஜிப் இறுக்கமாகவே இருந்தது. தளர்த்தினால் பல் கோணிப்போகும். கைப்பிடியைச் சுற்றியது தம்பி. தோல் வியாபாரி, வெள்ளை வேட்டி கட்டியவர், பட்டறையில் கால் வைத்தால் செருப்பில் இரும்புத்தூள் ஒட்டுகிறது என்று சொல்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று பகல் சுற்றினார். பாய் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னும் அரைச் சுற்று, நிறுத்து, பின்னால் வா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் மேசையை முழுக்கக் கொண்டுபோய் முழுக்கத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் நாள் நான் போனபோது தம்பியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உதறிக்கொண்டே என்னிடம் வந்து, “மேடம், இதையா இவர் தெனம் செஞ்சாரு?” என்று கேட்டார். கேள்விதான், ஆனால் பதிலுக்காகக் கேட்டதில்லை. குடோன் பேச்சு அதன் பிறகு அந்த வீட்டில் எழவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மெஷின் தனக்கு வேண்டிய சக்கரங்களைத் தானே வெட்டிக்கொண்டு, பத்தாவது நாள் ஓடியது. முதல் வேலை ஒரு குதிரை லாட வடிவப் பக்கிள் அச்சு. எண்களைத் தட்டிவைத்துவிட்டு, பச்சை பட்டனை அழுத்துமாறு பாயிடம் சொன்னேன். வலது கையின் ஒரு விரலால் அழுத்தினார். மேசை மெதுவாகக் கிளம்பியது, வளைவில் திரும்பியது, சிவப்பு விளக்கு எரியவில்லை. பாய் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அது முடிகிற வரை அசையாமல் பார்த்தார். முடிந்ததும் வெட்டிய முகத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். வரி இல்லை. என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். தம்பியையும் கூப்பிட்டுத் தடவச் சொன்னார். மேனேஜர் தானாகவே முன்வந்து தடவினார். பிறகு பாய் தராசை எடுத்து ஒன்பதுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோட்டைக் கீறினார். பேப்பர் கடைக்காரருக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, இதை என்னிடம் தந்தார். இனிமேல் எங்கே அளக்கப் போனாலும் முதலில் மெஷின்காரரின் தோளைப் பாருங்கள் என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த ஷெட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வரைபடப் பிரிவுக்கு நான் போகவில்லை. அடுத்த வருஷங்களில் எத்தனையோ மெஷின்களை அளந்தேன். ஜிப்பைப் பார்க்காமல் ஒன்றைக்கூட அளக்கவில்லை. ஓட்டுகிறவரோடு ஒரு டீ குடிக்காமலும் அளக்கவில்லை. கல்யாணமாகி, வேலை மாறி, பாயைப் பார்ப்பது குறைந்துபோயிற்று. பெருநாளுக்குப் பெருநாள் ஜிலேபி மட்டும் வந்துகொண்டிருந்தது. பின்னாளில் ஒரு நாள் தம்பி போன் செய்து அண்ணன் போய்விட்டார் என்றார். அதற்கு முந்தின மாதம் வரை தினம் பட்டறைக்குப் போய் நின்றுகொண்டுதான் இருந்தாராம்.

போன வாரம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மகள் பப்படம் பொரிக்க டப்பாவை எடுத்தாள். மூடி கையோடு வந்துவிட்டது. பப்படம் ஈரம் கண்டு துவண்டு கிடந்தது. அடுத்த டப்பாவைத் தொட்டாள், அதுவும் அப்படியே. அவல், ரவை, காப்பிப்பொடி, எல்லாவற்றிலும் மூடி பெயருக்கு உட்கார்ந்திருந்தது.

“அம்மா, என்ன இது? எல்லா டப்பாவையும் லூஸா மூடி வெச்சிருக்க. எல்லாம் நமுத்துப் போயிடுத்து.”

டப்பாவெல்லாம் பழசு, மூடி சரியாக உட்காருவதில்லை என்று சொன்னேன். வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவள் பின்னால் ஜன்னல் கம்பியில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக வலது தோளை என்னால் தூக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை, ரவிக்கை மாட்டுவது பெரும்பாடு. மூடியை இறுக்கினால் மறுநாள் என்னால் திறக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் சமையலுக்கு ஆள் போடலாம் என்பாள், நீ உட்கார் என்பாள். அந்தப் பயத்தில் ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் ஈரமாக்கி, பழியை டப்பாமேல் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஜிப்பைப் பார்த்துப் பார்த்து அளந்தவள்.

“டப்பா நன்னாத்தான் இருக்கு. என் தோள் போயிடுத்துடி” என்றேன்.

அவள் போய் ஹாலிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டாள். நான் உட்காரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, நன்றாக இறுக்கி மூடி அடுக்கினாள். காலையில் காப்பிப்பொடி டப்பாவைத் திறக்க அவளைத்தான் எழுப்ப வேண்டும்.